தின்னாத மிட்டாய்

ஃபிரிட்ஜுக்குப் பூட்டுப் போட்ட அன்றைக்குக் கண்ணாடிக்காரருக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. வீட்டுக்குப் பெரியவரைத் திருடன் என்று முடிவுகட்டி, பெற்ற மகனே பூட்டு வாங்கி வந்து மாட்டுகிறான். வேறொருவராக இருந்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பார். இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குச் சர்க்கரை ஏன் குறையவில்லை என்பதற்கு வீட்டில் ஒரு காரணம் கிடைத்துவிட்டது. காரணம் கிடைத்தவர்கள் அப்புறம் தேட மாட்டார்கள். அவருடைய வாய் பிழைத்தது.

"வாயைக் கட்ட முடியாதாங்க உங்களால?" என்று மனைவி கேட்டாள். "கண்ணு ஆபரேஷன் வேணுமா, சாக்லேட் வேணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"இனிமே தொட மாட்டேன்" என்றார், உதட்டை அதிகம் பிரிக்காமல்.

உண்மையில் அவர் சாக்லேட்டைத் தொட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது. கடிக்கப் பல் ஒத்துழைத்தால்தானே.

கடைத்தெருவில் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. பாதி ஊரின் மூக்கு அவருக்கு அத்துப்படி. யார் மூக்கில் ஃபிரேம் வழுக்கும், யார் காதுக்குக் கம்பியை இன்னும் கொஞ்சம் வளைக்க வேண்டும் என்று முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவருக்கு இப்போது இரண்டு கண்ணிலும் புரை. லென்ஸை அளவாக வெட்டுவதற்குக் கண்ணாடியில் கருவிழிக்கு நேராக மையால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளியே அவருக்குக் கலங்கலாகத் தெரிந்தது. போன மாதம் ஒரு வங்கிக்காரர், "இதைப் போட்டா தலை சுத்துது" என்று கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்படி ஒரு சொல்லை அவர் அந்தக் கடையில் கேட்டதே இல்லை. புரையை எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் கடையை மூடியாக வேண்டும். கண் டாக்டரோ, சர்க்கரை இந்த அளவில் இருக்கும்போது கத்தி வைக்க மாட்டேன் என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

இனி அவருடைய வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்வதற்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

முதலில் பல் தேய்க்கும்போது கொஞ்சம் ரத்தம் வந்தது. பிரஷ் குத்துகிறது என்று பிரஷை விட்டுவிட்டு விரலால் தேய்த்தார். விரலுக்கும் வந்தபோது, தேய்ப்பதையே பேருக்கு என்று ஆக்கிக்கொண்டார். அறை அழுக்காக இருக்கிறது என்று விளக்கை அணைப்பது மாதிரியான வைத்தியம் இது. ஈறு வீங்கியது, சிவந்தது, பிறகு மெல்லக் கீழே இறங்கியது. பற்கள் நீளமாகத் தெரிய ஆரம்பித்தன. கீழ் வரிசை முன்பற்கள் நாக்கு பட்டாலே ஆடின. காலையில் தலையணை உறையில் வெளிறிய சிவப்பாக ஒரு கறை இருக்கும். மனைவி வந்து பார்ப்பதற்குள் உறையைத் திருப்பிப் போட்டுவிடுவார். அவருடைய குறட்டை தாங்க முடியவில்லை என்று அவள் அடுத்த அறைக்குப் படுக்கையை மாற்றி நாளாகிவிட்டது. அது ஒரு வகையில் வசதியாகப் போயிற்று. வாஷ்பேசினில் துப்பும்போது குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக்கொள்வார். எல்லாவற்றுக்கும் மேலே அந்த நாற்றம். உள்ளங்கையைக் குவித்து ஊதிப் பார்ப்பார், உடனே போய்க் கையைக் கழுவுவார்.

இதில் கொடுமை என்னவென்றால், அவருடைய மருமகள் பல் டாக்டர். அதுவும் எங்கோ தூரத்தில் இல்லை. அவர் கடைக்கு ஒட்டினாற்போல் அடுத்த அறைதான் அவளுடைய கிளினிக். நடுவில் ஒரே சுவர். "கண்ணுக்கு இந்தப் பக்கம், பல்லுக்கு அந்தப் பக்கம், ஒரே குடும்பத்துல முகத்தையே குத்தகைக்கு எடுத்துட்டீங்களே" என்று தெருவில் கேலி பேசுவார்கள். சுவரைத் தாண்டி அவளுடைய மெஷின் சத்தம் கிர்ரென்று வரும்போதெல்லாம் இவருக்கு ஈறு கூசும். அவள் நாற்காலியில் மாமியார் உட்கார்ந்தாயிற்று, புருஷன் உட்கார்ந்தாயிற்று, கிளினிக்குக்கு வயரிங் வேலை பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன்கூடக் கடைவாய்ப் பல்லைக் காட்டிவிட்டுத்தான் போனான். உட்காராத ஒரே ஆள் இவர்.

காரணம், அவர் விட்ட பெருமை. பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் பல் டாக்டர் என்று சொன்னதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க குடும்பத்துல பல்லுக்குன்னு டாக்டரைப் பார்த்ததே கிடையாதும்மா. எனக்கெல்லாம் இரும்புப் பல்லு. எங்க வீட்டுக்கு வந்தா நீ சும்மாதான் உக்காரணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கல்யாணமான புதிதில் ஒருநாள் அந்தப் பெண், "மாமா, வந்து ஒரு தடவை காட்டிட்டுப் போங்களேன்" என்று கூப்பிட்டாள். அப்போதே ரத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. "இரும்புக்கு எதுக்கும்மா வைத்தியம்" என்று சிரித்து மழுப்பினார். அன்று மழுப்பியதுதான் வினையாகிவிட்டது. வாய் கெடக் கெட, சொல்வதும் கடினமாகிக்கொண்டே போனது. மாமா மாமா என்று மரியாதையாகப் பேசுகிற பெண், இந்தச் சீழ் பிடித்த வாய்க்குள் விரலை விடுவதா? நினைத்தாலே அவருக்கு உடம்பு குறுகியது. போதாததற்குத் தனக்குத்தானே ஒரு நியாயமும் கற்பித்துக்கொண்டார்: பல் டாக்டரின் மாமனார் வாயே இப்படி என்று தெரிந்தால் அவளிடம் யார் வருவார்கள்? அவளுடைய பிழைப்புக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறாராம். பயத்துக்குத் தியாகம் என்று பெயர் வைப்பதில் அவர் கெட்டிக்காரர்.

அந்தச் சாக்லேட் பொய் சர்க்கரை டாக்டரின் அறையில் பிறந்தது. மருமகள்தான் அவரை அழைத்துப் போயிருந்தாள். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "மருந்து சரியாத்தான் போகுது. ஏன் இறங்க மாட்டேங்குது? உடம்புல எங்கயாவது ஆறாத புண்ணு, சீழு இருக்கா? கால்ல, வாயில?"

மருமகள் மெல்லத் திரும்பி மாமனாரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவருக்கு வெலவெலத்துப் போயிற்று.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்" என்று முந்திக்கொண்டார். "நான்தான் யாருக்கும் தெரியாம கொஞ்சம் இனிப்பு தின்னுடறேன்."

பொய்யைச் சொன்னால் போதுமா, அதற்குத் தீனியும் போட வேண்டுமே. கண்ணாடி போட்டுப் பார்க்க வரும் குழந்தைகள் அழுதால் கொடுப்பதற்காகக் கடையில் ஒரு கிண்ணத்தில் சாக்லேட் வைத்திருப்பார். அவை தின்றுவிட்டுப் போட்ட தாள்களைக் குப்பைக்கூடையிலிருந்து பொறுக்கி, கசக்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். துவைக்கும்போது மனைவி கண்டுபிடித்தாள். கண்டுபிடிக்கத்தானே போட்டது. அதற்கப்புறம்தான் பூட்டு வந்தது, சொந்தக்காரர்கள் ஃபோனில் புத்தி சொன்னார்கள், "இந்த வயசுல நாக்கு இப்படி அலையுதா" என்று கொழுந்தியாள்வரை கேட்டாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். தின்னிப்பண்டாரம் என்ற பேர் வாய் நாறுகிறவன் என்ற பேரைவிட எவ்வளவோ மேல். சர்க்கரை டாக்டர் ஊசி மருந்தின் அளவை ஏற்றினார். இவரோ மெல்ல முடியாமல் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தார். இந்த இரண்டும் ஒருநாள் மோதும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மோதிய நாளன்று காலையில் மேல் ஈறு வீங்கிக் கன்னம் விண்விண்ணென்று தெறித்தது. வழக்கம்போல் ஊசியைப் போட்டுக்கொண்டார். மனைவி வைத்த ரொட்டியை ஒரு விள்ளல்கூட வாயில் வைக்க முடியவில்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் அதைத் தாளில் சுற்றிப் பையில் போட்டு, கடைக்கு எடுத்துவந்து குப்பைக்கூடையில் தள்ளினார்.

முதல் ஆளாக ஒரு டீச்சர் வந்தார். புது ஃபிரேமை முகத்தில் மாட்டி, புள்ளி வைக்கக் குனிந்தார் கண்ணாடிக்காரர். இப்படிக் குனியும்போதெல்லாம் மூச்சை இழுத்து அடக்கிக்கொள்வது அவர் வழக்கம். நிமிர்ந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிய பிறகுதான் விடுவார். அன்று அடக்கிய மூச்சோடு கை நடுங்க ஆரம்பித்தது. பின்கழுத்திலிருந்து வேர்வை வழிந்தது. மைப்புள்ளி கண்ணாடியில் விழாமல் டீச்சரின் மூக்கில் விழுந்தது. "சார்?" என்றார் டீச்சர். சார் மேசையைப் பிடிக்கப் பார்த்து, பிடி நழுவி, தரையில் சரிந்தார்.

டீச்சர் போட்ட கூச்சலில் அடுத்த அறையிலிருந்து மருமகள் ஓடிவந்தாள். தொட்டுப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது: சர்க்கரை மளமளவென்று இறங்கியிருக்கிறது. மறுபடி ஓடிப் போய்க் குளுக்கோஸ் பாக்கெட்டை எடுத்துவந்தாள். அவர் தலையைத் தூக்கித் தன் முழங்கையில் சாய்த்துக்கொண்டாள்.

"மாமா, நான் பேசறது கேக்குதா? விழுங்க முடியுமா? வாயைத் திறங்க."

கேட்டது. தலையை அசைத்தார். ஆனால் உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். பாதி நினைவு போன நிலையிலும் அந்த ஒரு காவலை மட்டும் அவர் விடவில்லை.

"மாமா, திறங்க மாமா!"

அவர் திறக்கவில்லை. அவள் காத்திருக்கவும் இல்லை. கன்னத்தை விரலால் விலக்கி, ஈரம் தொட்ட விரலில் குளுக்கோஸை அள்ளி, உள்ளே தேய்த்தாள். கையுறை மாட்டக்கூட நேரமில்லாமல் வந்திருந்தாள். விரல் ஈறில் பட்டதும் அவர் முனகினார். அவள் மறுபடி அள்ளினாள், மறுபடி தேய்த்தாள். ஒவ்வொரு தடவையும் விரல் ரத்தமும் சீழுமாக வெளியே வந்தது.

நினைவு தெளிந்தபோது அவருக்கு முதலில் தெரிந்தது அந்த விரல்தான். புரை விழுந்த கண்ணுக்கும் அது தெளிவாகத் தெரிந்தது. அவள் அதைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள். வாயெல்லாம் இனித்தது. பக்கத்தில் மூக்கில் மைப்புள்ளியோடு டீச்சர் நின்றுகொண்டிருந்தார். செத்தே போயிருக்கலாம் என்று நினைத்தார், நிஜமாகவே நினைத்தார்.

டீச்சரை அனுப்பிவிட்டு மருமகள் ஷட்டரைப் பாதி இறக்கினாள். பாலும் பிஸ்கட்டும் வரவழைத்து, பிஸ்கட்டைப் பாலில் கரைத்து அவளே கொடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க மாமா?"

"ரொட்டி."

"மாமா."

"ஒண்ணும் சாப்பிடலம்மா."

"நேத்து?"

அவர் பார்வை குப்பைக்கூடைக்குப் போனது.

"அந்தச் சாக்லேட்?"

"அதுவும் தின்னலம்மா. தாளு... குழந்தைங்க தின்னுட்டுப் போட்டது. குப்பைக்கூடையில இருந்து எடுத்தேன்."

சொல்லும்போதே எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவருக்கே காதில் விழுந்தது. வயசான மனுஷன், ஊரில் நாலு பேர் மதிக்கிறவர், குப்பைக்கூடையைக் கிளறியிருக்கிறார். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் அவர் எதிரிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு முன்னமே தெரியும் மாமா" என்றாள்.

"என்னம்மா தெரியும்?"

"வாய். தினமும் இதுதானே எனக்கு வேலை? நீங்க வாசல்ல நின்னு ரெண்டு வார்த்தை பேசினாலே எனக்குத் தெரிஞ்சுடும். ஈறுல சீழ் இருந்தா சர்க்கரை இறங்காது, சர்க்கரை ஏறினா ஈறு இன்னும் கெடும், விட்டா இதயத்துக்குக்கூட நல்லதில்லைன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் படிச்சுப் படிச்சுச் சொல்றேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மாமனார்கிட்டப் போய், உங்க வாய்..." அவள் நிறுத்திக்கொண்டாள். "அந்த டாக்டர் கேட்டப்பவே சொல்லியிருக்கணும். வாயத் திறக்கறதுக்குள்ள நீங்க இனிப்புன்னு சொல்லிட்டீங்க. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு மாமா. அதையே நம்பிட்டேன். இன்னைக்கு உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா..."

அவள் அழுதாள். அவருக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. தான் ஒருவன்தான் வெட்கத்தில் வெந்துகொண்டிருப்பதாக இத்தனை நாளும் நினைத்திருந்தார். அடக்கிய மூச்செல்லாம் வீண், திறந்துவிட்ட குழாயெல்லாம் வீண். அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அது தெரியாத மாதிரியே தினமும் அவருக்குச் சாப்பாடு பரிமாறியிருக்கிறாள்.

"ஊருக்கெல்லாம் வைத்தியம் பாக்கறேன்" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "வீட்டுல ஒருத்தரைக் கோட்டை விட்டுட்டேன்."

"விட்டது நீ இல்லம்மா" என்றார்.

சாயங்காலம் விஷயம் மனைவியின் காதுக்குப் போனது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"தின்னுட்டுத் தின்னலன்னு சொல்றவனைப் பார்த்திருக்கேன். தின்னாததைத் தின்னேன்னு சொல்ற ஆளை இப்பத்தான் பாக்கறேன். ஏங்க, உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? என் தங்கச்சிகிட்ட எல்லாம் உங்களைப் பத்திச் சொல்லி மானத்தை வாங்கியிருக்கேன். இப்ப நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவகிட்டப் பேசறது?"

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, அன்று முழுக்க மனசில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டார்.

"உனக்கும் தெரியுமா?"

"என்ன தெரியுமா?"

"வாய்."

அவள் கை இடுப்பிலிருந்து இறங்கியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீங்க குறட்டையே விடறதில்லைங்க" என்றாள்.

சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். அவர் கட்டிலில் உட்கார்ந்தார். உள்ளே தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அவள் எதையும் கழுவவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. கூட வாழ்ந்த மனுஷி, அவரை நோகடிக்காமல் விலகிப் படுக்க ஒரு சாக்குத் தேடியிருக்கிறாள். அதற்கு அவள் தனியாக எவ்வளவு யோசித்திருப்பாள்? அந்த இடத்தில் அவருக்கு அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், பழக்கதோஷத்தில்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் நேரே அடுத்த வாசலில் ஏறினார். மருமகள் உதவிக்கு இருக்கும் பெண்ணைத் தாமதமாக வரச் சொல்லியிருந்தாள். வேறு யாருக்கும் அப்பாயிண்ட்மென்ட் கொடுக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து படுத்தபோது அவருக்குக் கால் பெருவிரல்கள் விறைத்து நின்றன. மேலே விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"இன்னைக்கு வீக்கத்துக்கு மருந்து வெச்சு, சீழை எடுத்துடலாம் மாமா. அப்புறம் ரெண்டு மூணு தடவை வரணும். முன்னால இருக்கற பல்லு சிலது தங்காது. மத்ததைக் காப்பாத்தப் பாக்கறேன். ஈறு ஆறினா சர்க்கரை இறங்கறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு, ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். ஊசி மருந்தைப் பத்தி அந்த டாக்டர்கிட்ட நேத்தே பேசிட்டேன்." அவள் தட்டில் இருந்த கருவிகளை நேராக்கினாள். "என்கிட்டக் கூச்சமா இருந்தா, என் ஃபிரண்டு ஒருத்தி இருக்கா. நல்லாப் பாப்பா. அவகிட்ட வேணும்னா அழைச்சிட்டுப் போறேன். நான் வெளிய உக்காந்துக்கறேன்."

அந்த நொடியில் அவருக்குச் சரி என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருந்தது. எழுந்து போய்விடலாம். முன்பின் தெரியாத ஒருத்தி பார்ப்பாள், மறந்துவிடுவாள். சாப்பாட்டு மேசையில் தினமும் அவள் முகத்தில் முழிக்க வேண்டியிருக்காது.

"வேணாம்மா. நீயே பாரு" என்றார்.

அவள் கையுறையை மாட்டினாள். தட்டிலிருந்து மாஸ்க்கை எடுத்தாள். காதுவரை கொண்டுபோனவள் நின்றாள். அவரைப் பார்த்தாள், மாஸ்க்கைப் பார்த்தாள். தினமும் யோசிக்காமல் மாட்டுகிற பொருள்தான். இன்று மாட்டினால் மாமா என்ன நினைப்பாரோ என்ற யோசனை அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. மாஸ்க்கைத் தட்டிலேயே வைத்துவிட்டு வெறும் முகத்தோடு குனிந்தாள்.

"மாஸ்க்கைப் போட்டுக்கம்மா" என்றார் அவர்.

"பரவாயில்ல மாமா."

"போட்டுக்கோ." காது மடல் சுட்டது. "என் வாய் நாறுது."

அவள் அவர் தோளை ஒரு முறை தொட்டாள். பிறகு மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவர் கண்ணை மூடாமல் வாயைத் திறந்தார்.